கேம், ரெண்டர் ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரவுசர், பாட்டு, டேலி எல்லாம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கேமைத் திறந்து பத்து நிமிடத்தில், அல்லது கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுப் பாதி வந்ததும், திரை கறுத்து மறுபடி முதலிலிருந்து பூட் ஆகும். வீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 அல்லது 11 வைத்துக்கொண்டு இந்தத் தொல்லையை அனுபவிப்பவர்களுக்கான பக்கம் இது. காசு செலவாகாத சோதனைகளை முதலில் சொல்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன் அவற்றைச் செய்து பாருங்கள்.

சாதாரண வேலைக்கு ஒன்றும் ஆவதில்லையே, கனமான வேலைக்கு மட்டும் ஏன்?

சும்மா இருக்கும்போது ஒரு டெஸ்க்டாப் ஐம்பது, எண்பது வாட்தான் இழுக்கும். கேம் தொடங்கினால் கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 170 வாட்டுக்கு மேல் கேட்கும், பிராசசர் தன் பங்குக்கு நூறு வாட் கேட்கும். கரன்ட் கூடும், சூடு கூடும், ரேம் முழு வேகத்தில் ஓடும். அதுவரை ஒளிந்திருந்த பலவீனம் எதுவோ அது அப்போது வெளியே வருகிறது. அதனால் இதைக் கண்டுபிடிக்கும் வழியும் சுமையை வைத்துத்தான்: எந்தப் பகுதியின் சுமையைக் குறைத்தால் ரீஸ்டார்ட் நிற்கிறதோ, அந்தப் பக்கம் தேட வேண்டும்.

பொதுவாக எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி, அதன் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம் வரும். அப்புறம் சூடு, ரேம், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள். டிரைவரும் விண்டோஸும் கடைசியில்.

ரீஸ்டார்ட் ஆவதும் ஆஃப் ஆவதும் ஒன்றுதானே?

இல்லை. இதைச் சரியாகக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆஃப் ஆகி அப்படியே கிடந்தால், அதுவும் எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறதென்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வேலை செய்து தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அளவுக்கு மீறிய கரன்ட் அல்லது எங்கோ ஷார்ட். பிராசசர் எல்லை தாண்டிச் சூடானாலும் மதர்போர்டு இப்படிச் சட்டென்று அணைக்கும்.

அணையாமல், எந்தச் செய்தியும் இல்லாமல், கண் சிமிட்டும் நேரத்தில் மதர்போர்டு லோகோ வந்து நின்றால் அது வேறு. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு 'பவர் குட்' என்று தனியாக ஒரு ஒயர் போகிறது. வோல்டேஜ் சரியாக இருக்கும்வரை அதில் சிக்னல் இருக்கும். 12 வோல்ட் லைன் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தளர்ந்தாலும் சிக்னல் விழும், மதர்போர்டு ரீசெட் ஆகும். மின்விசிறி நிற்கக்கூட நேரம் இருக்காது.

நீலத்திரை ஒரு கணம் மின்னிவிட்டு ரீஸ்டார்ட் ஆனால் அது மூன்றாவது வகை. விண்டோஸ் பிழையைப் பார்த்து, தானே முடிவெடுத்து ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. இதில் தடயம் கிடைக்கும் என்பதால் மூன்றிலும் இதுதான் நல்ல செய்தி.

நீலத்திரை வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு வேகமாகப் போய்விடுகிறது.

விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிடுங்கள். ஸ்டார்ட் தேடலில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தட்டித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்பதற்குக் கீழ் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினால், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். (விண்டோஸ் 11-இன் புதிய அப்டேட்களில் அது கறுப்பாக வரும், அர்த்தம் அதேதான்.) டிக்கை எடுத்த பிறகும் எதுவும் காட்டாமல் ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸுக்கே தெரியாமல் கரன்ட் அல்லது ஹார்டுவேர் மட்டத்தில் நடக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் இருக்கிறது. பவர் சப்ளை போய்விட்டதா?

பெயரில் 'பவர்' இருப்பதால் இப்படி நினைத்து எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் ஏராளம். ஓடும் கம்ப்யூட்டரின் பிளக்கை நீங்களே பிடுங்கினாலும் அடுத்த முறை பூட் ஆகும்போது இதே 41 பதிவாகும். 'போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை.

ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 41-ஐ அழுத்தி, கீழே 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'பக்செக்கோட்' என்ற வரியில் ஒரு எண் இருக்கும். அது 0 என்றால் விண்டோஸ் எதையும் எழுதி வைக்க முடியாமல் விழுந்திருக்கிறது: எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், சூடு, மதர்போர்டு பக்கம் பாருங்கள். வேறு எண் இருந்தால் அது நீலத்திரைக்கான எண், பத்தடிமானத்தில் எழுதப்பட்டிருக்கும். 292 என்றால் பதினாறடிமானத்தில் 124, அதாவது பிராசசரோ அதைச் சுற்றியுள்ள ஹார்டுவேரோ திருத்த முடியாத பிழை கொடுத்திருக்கிறது. 278 என்றால் 116, கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் தொங்கிவிட்டது. கார்டே பழுதானாலும் இந்த எண் வரலாம்.

அதே நேரத்தை ஒட்டி 'வீயா-லாகர்' என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் அவையும் ஹார்டுவேர் பக்கம்தான் கை காட்டுகின்றன. '1074' என்று இருந்தால் நிம்மதி. ஏதோ ஒரு புரோகிராம், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், முறைப்படி கேட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறது. இரவு ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சூடுதான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேரத்தைப் பாருங்கள். ஹீட்சிங்க் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் சூடு ஏற நேரம் பிடிக்கும். கேம் தொடங்கி இரண்டு நொடியில் விழுகிறதென்றால் அது அநேகமாகச் சூடு அல்ல. பத்து, இருபது நிமிடம் ஓடி விழுகிறது, உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் விழுகிறது, ஏசி போட்டால் தாக்குப்பிடிக்கிறது என்றால் சூட்டைச் சந்தேகிக்கலாம்.

'எச்டபிள்யூ இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து, பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டு கேமை ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். பல இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே விழாது. ஆகவே கடைசி வரியில் 70 டிகிரி இருக்கும்போதே விழுந்திருந்தால், பிராசசர் சூட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மதர்போர்டில் பிராசசருக்குக் கரன்ட் கொடுக்கும் பகுதியும் சூடாகும். விலை குறைந்த போர்டில் பெரிய பிராசசரைப் போட்டிருந்தால் அந்த அளவையும் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வேலூரிலோ மதுரையிலோ அறையே 38 டிகிரி இருக்கும்போது கேபினட்டுக்குள் போகும் காற்றே சூடுதான். பக்கக் கதவைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை நேராக வைத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் தூசி, தெர்மல் பேஸ்ட், மின்விசிறி என்று போகலாம். இன்டெல்லோடு பெட்டியில் வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் அழுத்திப் பொருத்தும் பின்கள் உண்டு. அதில் ஒன்று பாதி கழன்று நிற்பதை நிறைய பெட்டிகளில் பார்க்கலாம். தூசி ஊதும்போது மின்விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. போதாதா?

பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையைப் படியுங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டங்கள் இருக்கும். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டிலிருந்துதான். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், கணக்குப் போடுங்கள்: 12 × 16 = 192 வாட். மேலே எத்தனை எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அந்த 192தான். அதையும் அந்தப் பெட்டி தொடர்ந்து தருமா என்பது தனிக் கேள்வி.

இப்போது எதிர்ப்பக்கம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். ஐ5-12400 பிராசசர் டர்போவில் (தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது) 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தே 287. பிரவுசரில் அது தெரியாது. கேமில் தெரியும், வீடியோ எக்ஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து உழைக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

முப்பதாயிரத்துக்கு கார்டு வாங்கிவிட்டு அதற்கு எண்ணூறு ரூபாய் எஸ்எம்பிஎஸ் வைப்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பேரம் பேச ஆயிரம் பொருள் இருக்கிறது, இதில் வேண்டாம்.

என்னுடையது நல்ல பிராண்ட், 650 வாட், 'பிரான்ஸ்' (வெண்கலத்) தரம். அப்படியும் விழுகிறதே?

பிரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான தரச்சான்று. திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

கிராஃபிக்ஸ் கார்டு சராசரியாக 320 வாட் இழுக்கும்போதே, மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட வெகுவாகத் தாவிக் குதிக்கும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது இந்தத் தாவல்களால் நல்ல எஸ்எம்பிஎஸ்களே பாதுகாப்பில் விழுந்தன. அதன் பிறகு 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, தன் அளவைப்போல் இரு மடங்கு தாவலை 100 மைக்ரோநொடி தாங்க வேண்டும் என்று பெரிய எஸ்எம்பிஎஸ்களுக்கு எழுதி வைத்தது. பழைய மாடலில் பெரிய கார்டைப் போட்டிருந்தால் இதை மனதில் வையுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ஒயரைப் பாருங்கள். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே ஒயரின் இரட்டை முனையை இரண்டிலும் சொருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு ஒயர் கொண்டுவாருங்கள். ஒரு 8 பின் சாக்கெட்டுக்கு 150 வாட் என்பதுதான் விதி. ஹார்டு டிஸ்க் ஒயரிலிருந்து மாற்றி எடுக்கும் அடாப்டர் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். அது ரீஸ்டார்ட்டோடு நிற்காது, உருகும்.

புதிது வாங்காமல், எஸ்எம்பிஎஸ்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சுமையைப் பிரித்துக் குறையுங்கள். முதலில் கிராஃபிக்ஸ் கார்டு. 'ஆஃப்டர்பர்னர்' மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, அதே கேமை, அதே இடத்தில் ஓட்டுங்கள். விழவில்லை என்றால் கார்டின் கரன்ட் பக்கம் கோளாறு. அடுத்து அதைப் பழையபடி வைத்துவிட்டுப் பிராசசரைக் குறையுங்கள்: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' 100 என்பதை 99 ஆக்கினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டர்போ நின்றுவிடும்.

சோதனை மென்பொருளிலும் இதே வழிதான். 'சினிபெஞ்ச்' பிராசசரை மட்டும் வாட்டும், 'ஃபர்மார்க்' கார்டை மட்டும். தனித்தனியாக ஓட்டும்போது இரண்டும் தாங்கி, சேர்த்து ஓட்டினால் மட்டும் விழுகிறதென்றால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம், எஸ்எம்பிஎஸ்தான். பிராசசரை மட்டும் ஓட்டும்போதே விழுந்தால் கூலர், மதர்போர்டு, பயாஸ் அமைப்பு. மலிவான எஸ்எம்பிஎஸ் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இப்படி வாட்டாதீர்கள். சில நிமிடம் போதும், பக்கத்திலேயே இருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், சும்மா இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒயரின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே, சுமை ஓடும்போது பாருங்கள். 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். அதற்குக் கீழே போனால் சந்தேகமே இல்லை. ஆனால் 12.0 காட்டுவதால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது. நொடிக்கும் குறைவான சறுக்கலை மல்டிமீட்டர் பிடிக்காது. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் கணக்கை அதைவிடக் குறைவாக நம்புங்கள்.

நண்பரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மாலைக்குக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதற்கு இணையான சோதனை கிடையாது. மாடுலர் (ஒயர்களைக் கழற்றி மாட்டும்) வகை என்றால் ஒயர்களையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு கம்பெனி ஒயரை இன்னொன்றில் சொருகினால் ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

யுபிஎஸ், இன்வெர்ட்டர் காரணமாக இருக்குமா?

நம் ஊரில் இதைக் கேட்காமல் விட முடியாது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். கரன்ட் போகும்போது அதற்குமேல் சுமை இருந்தால் ஒரு பீப்போடு எல்லாம் அணையும். பேட்டரிக்கு இரண்டு, மூன்று வருடம் ஆகியிருந்தால் பிரவுசர் ஓடும்போது தாங்கும், கேம் ஓடும்போது தாங்காது. மாலையில் தெருவில் எல்லோரும் ஏசி போட்டு வோல்டேஜ் இறங்கும்போது யுபிஎஸ் டக் டக்கென்று பேட்டரிக்குப் போய்ப் போய் வரும். விளக்கு அணையாததால் கரன்ட் போனதே உங்களுக்குத் தெரியாது.

சோதனை எளிது: யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் ஓட்டுங்கள். அங்கே விழவில்லை என்றால் யுபிஎஸ். ஸ்பைக் பஸ்டரையும் அப்போதே மாற்றிப் பாருங்கள், அதில் லூசான பிளக் இருந்தால் அதுவே போதும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் இருந்தால், 'யுபிஎஸ் மோட்' சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண மோடில் அது குறைந்த வோல்டேஜையும் அப்படியே உள்ளே விடும், பேட்டரிக்கு மாறவும் நேரம் எடுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது பரவாயில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிநொடிதான் மூச்சுப் பிடிக்கும். சுமை குறைவாக இருந்தால் கூடுதலாகத் தாங்கும். அதனால்தான் அதே மின்வெட்டில் பாட்டு கேட்பவருக்கு ஒன்றும் ஆகாமல், ரெண்டர் போட்டவருக்கு மட்டும் விழுகிறது.

தண்ணீர் மோட்டார் போடும் நேரமும் ரீஸ்டார்ட் ஆகும் நேரமும் ஒத்துப்போகிறதா என்பதையும் கவனியுங்கள்.

ரேம் பழுதானால் இப்படி ஆகுமா?

ஆகும், ஆனால் பெரும்பாலும் வேறு அறிகுறிகளும் கூட வரும்: ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணோடு நீலத்திரை, ஜிப் ஃபைல் விரியாமல் பிழை, கேம் மட்டும் மூடிக்கொள்வது. பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். 'மெம்டெஸ்ட்86' பென்டிரைவிலிருந்து இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் ரேமின் தங்க முனை மங்கிவிடும், பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மாட்டினாலே சில சமயம் தீரும்.

ஐ7-13700கே, ஐ9-14900கே வைத்திருக்கிறேன். எனக்குத் தனியாக ஏதாவது?

உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், தேவைக்கு மீறிய வோல்டேஜ் போய்ப் பிராசசரே மெல்லத் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் 2024-இல் இன்டெல் அதற்கு மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வெளியிட்டது, அவை மதர்போர்டு பயாஸ் அப்டேட்டில் வரும். அப்டேட் போட்டால் இனிமேல் தேயாமல் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. பெட்டியோடு விற்ற இந்தப் பிராசசர்களுக்கு வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக இன்டெல் நீட்டித்திருக்கிறது. கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பொய்யாகப் பிழை காட்டுவது இதன் தெரிந்த அடையாளம். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

கடையில் விண்டோஸை ஃபார்மட் செய்து பார்க்கலாம் என்கிறார்கள்.

பக்செக்கோட் 0 என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கு எளிது, உங்களுக்கு ஒரு நாள் போகும். கிராஃபிக்ஸ் டிரைவர்தான் சந்தேகம் என்றால் அதை மட்டும் முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம். 'ஃபார்மட் செய்த பிறகு ஒரு வாரம் நன்றாக ஓடியது' என்று சிலர் சொல்வார்கள். அந்த ஒரு வாரம் கேம் எதுவும் இன்ஸ்டால் ஆகியிருக்காது.

கேபினட்டின் ரீசெட் பட்டன் கெட்டுப்போனால்?

அரிதுதான், ஆனாலும் நடக்கும், குறிப்பாக மேசையைத் தட்டினாலே ரீஸ்டார்ட் ஆனால். மதர்போர்டில் இருந்து அந்தச் சிறிய இரண்டு பின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். அது இல்லாமலே கம்ப்யூட்டர் ஓடும்.

லேப்டாப்பிலும் இதே கதையா?

பாதி. கேமிங் லேப்டாப் முழுச் சுமையில் அடாப்டரோடு பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் இழுக்கும், பேட்டரி செத்திருந்தால் விழும். ஒரிஜினல் 180 வாட் அடாப்டருக்குப் பதில் 120 வாட் வாங்கி மாட்டியிருந்தாலும் அப்படித்தான். மற்றது தூசியும் சூடும்.

சரிசெய்யும்வரை வேலை நடக்க வேண்டுமே, டெலிவரி இருக்கிறது.

கார்டின் பவர் லிமிட் 70, பிராசசர் 99. இந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு ரெண்டர் போடுங்கள், நேரம் கொஞ்சம் கூடும், முடிந்துவிடும். 3டி மென்பொருளான பிளெண்டரில் நேரடியாக வீடியோவாக எடுக்காமல் ஒவ்வொரு ஃபிரேமையும் படமாகச் சேமியுங்கள். 900-ஆவது ஃபிரேமில் விழுந்தால் 900-இலிருந்து தொடரலாம். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் எம்பி4-க்குப் பதில் எம்கேவி வையுங்கள். நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் சாதாரண எம்பி4 பெரும்பாலும் திறக்காது, எம்கேவி அதுவரை பதிவானதைக் கொடுக்கும். முடிந்தபின் ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவிலேயே 'ரீமக்ஸ்' கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். நீண்ட எடிட்டை எக்ஸ்போர்ட் செய்வதானால் முகூர்த்தம், வரவேற்பு என்று துண்டு துண்டாக எடுத்துக் கடைசியில் ஒட்டுங்கள். வாடிக்கையாளரின் மூலக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எக்ஸ்போர்ட்டைத் தொடங்குங்கள்.